விடியா இன்சர்ட் கத்தி எந்தப் பட்டறைக்கு? – வாசகர் கேள்வி பதில்

மரத்தில் காடியும் விளிம்பு வடிவங்களும் வெட்டும் எந்திரங்களான ரவுட்டரிலும் (கையில் பிடித்து ஓட்டுவது) ஸ்பிண்டில் மோல்டரிலும் (மேசைக்கு மேல் நீட்டிய தண்டு சுழல்வது) மாட்டும் கட்டர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர், கட்டரின் உடலோடு பற்றவைத்த விடியாவை வாங்குவதா, திருகாணியால் இறுக்கி வேண்டியபோது கழற்றி மாற்றிக்கொள்ளும் இன்சர்ட் கத்தியை வாங்குவதா என்றே கேட்டிருக்கிறார்கள். டங்ஸ்டன் கார்பைடை நம் பட்டறைகளில் விடியா என்றுதான் சொல்கிறோம். 1920-களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் இந்தப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 'வைரம் போல' என்னும் பொருளுடைய ஜெர்மன் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது. பழகிய அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: ஐயா, பாலக்கோட்டில் நிலை, கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பேனல் கதவின் நெடுஞ்சட்டத்துக்கும் குறுக்குச்சட்டத்துக்கும் விடியா பற்றவைத்த கட்டர் ஜோடி ஒன்றை ஸ்பிண்டில் மோல்டரில் நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். சாணை பிடித்து வந்த ஒவ்வொரு முறையும், ஒரு சட்டத்தில் நீட்டியிருக்கும் நாக்கு மற்றதிலுள்ள பள்ளமான காடிக்குள் போக மறுக்கிறது. இன்சர்ட் கட்டர் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் பட்டறையின் தொடக்க ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. இதே நிலையில் நான் மரத்தின் ஈரத்தைக் குறை கூறிக்கொண்டு, எட்டுக் கதவுகளின் நாக்குகளைக் கை இழைப்புளியால் சீவிப் பொருத்தினேன். அடுத்த கோடையில் அவற்றில் மூன்று கதவுகளின் மூட்டுகள் வாய் பிளந்தன. குற்றம் மரத்தில் இல்லை என்பதை நுண்ணளவு காட்டும் வெர்னியர் ஒன்றை எடுத்துக் காடியை அளந்த பிறகுதான் கண்டுகொண்டேன்.

பற்றவைத்த பல்லின் வெட்டும் வாய்க்குப் பின்னால், பல்லின் முதுகும் இரு பக்கங்களும் மரத்தில் உராயாதிருப்பதற்காகச் சற்றே உள்வாங்கிச் செதுக்கப்பட்டிருக்கும். சாணைக்காரர் பல்லின் முகத்தைத் தேய்க்கும்போது வெட்டும் வாய் பின்னுக்கு நகர்ந்து, அந்த உள்வாங்கிய பகுதிக்கே போய்ச் சேர்கிறது. அதனால் கட்டரின் விட்டம் குறைவதோடு, காடியை வெட்டும் பல்லின் அகலமும் இழை இழையாகக் குறைகிறது. நாக்கை உருவாக்கும் இரு பற்களுக்கு இடையிலுள்ள வெளியோ அதே காரணத்தால் அகலமாகிறது. ஒரே சாணையில் காடி ஒடுங்கி நாக்கு தடித்துவிடுவதால், பிழை இரட்டிப்பாகி மூட்டில் வந்து நிற்கிறது. பற்களுக்கு இடையில் மெல்லிய வளையத் தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் இதை ஓரளவு சரிசெய்யலாம் என்றாலும், விட்டம் குறைந்ததால் மரத்தை வழிநடத்தும் வேலியையும் கட்டரின் உயரத்தையும் மறுபடி அமைத்தே ஆக வேண்டும். சட்டத்தின் விளிம்பிலுள்ள ஓவலோ என்னும் கால்வட்ட வளைவின் வடிவமும் பழைய கதவுகளின் வளைவோடு சரியாகச் சேராது.

இன்சர்ட் கட்டரில் சாணை என்ற வேலையே பெரும்பாலும் இல்லை. கத்தி மழுங்கினால் அதைத் திருப்பிப் போடுகிறோம் அல்லது புதியதை வைக்கிறோம். கத்தி அமரும் இருக்கையும் அதை நிறுத்தும் முளையும் உடலிலேயே கடைந்திருப்பதால், புதிய வாய் பழைய வாய் இருந்த இடத்திலேயே வந்து நிற்கும். இன்று வெட்டிய குறுக்குச்சட்டம், அடுத்த ஆண்டு வெட்டப்போகும் நெடுஞ்சட்டத்தோடு பொருந்தும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் முதல் பயன் மாறாத அளவு. நீண்ட நாள் கூர்மை அதற்கு அடுத்ததுதான் என்று நான் கருதுகிறேன்.

கூர்மை நீடிப்பதற்கும் காரணம் உண்டு. விடியா என்பது டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் என்னும் உலோகத்தால் பிணைத்த கலவை. மணிகள் நுண்ணியவையாகவும் கோபால்ட் குறைவாகவும் இருந்தால் கலவை கடினமாகவும் எளிதில் உடையக்கூடியதாகவும் இருக்கும். கோபால்ட் கூடினால் அடியைத் தாங்கும், ஆனால் விரைவில் தேயும். எஃகு உடலில் விடியாவைப் பற்றவைக்கும்போது இரண்டும் நன்றாகச் சூடாகின்றன. எஃகு விரிந்து சுருங்கும் அளவில் ஏறத்தாழப் பாதிதான் விடியா விரிந்து சுருங்குகிறது. ஆறும்போது ஏற்படும் அந்த இழுவிசையில் விரிசல் விடாமலிருக்க, கொஞ்சம் கோபால்ட் கூடிய தரத்தைத்தான் தயாரிப்பவர் எடுக்க முடியும். திருகாணியால் இறுக்கும் கத்திக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், 2 முதல் 4 சதவீதம் வரையே கோபால்ட் உள்ள கடினமான தரத்தைப் பயன்படுத்துகிறார்கள். தேக்கில் இயல்பாகவே இருக்கும் சிலிக்கா கத்தியை மணல்தாளைப் போலத் தேய்ப்பது உங்களுக்குத் தெரிந்ததே; அங்கே இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

உங்கள் தொல்லை தீருமா என்றால் தீரும். ஆனால் ஒரே வடிவத்தை மாதந்தோறும் திரும்பத் திரும்ப ஓட்டும் பட்டறைக்குத்தான் இந்த முதலீடு தகும். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் வெவ்வேறு பீடிங் (அலங்கார விளிம்பு) கேட்கும் பட்டறையானால், கதவுச் சட்டத்துக்கு மட்டும் இன்சர்ட் ஜோடியை வாங்கிக்கொண்டு, மற்ற வடிவங்களுக்கு இருக்கும் கட்டர்களையே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் உங்கள் எந்திரத்தின் தண்டை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 30 மில்லிமீட்டர் தண்டும் ஒன்றேகால் அங்குலத் தண்டும், அதாவது 31.75 மில்லிமீட்டர் தண்டும், பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கட்டரின் துளை தண்டைவிட மயிரிழை பெரிதாக இருந்தாலும் அது ஆடும். இன்னொன்று மிக முக்கியம். கட்டரை விற்பவரிடம் அதே வடிவ எண்ணுள்ள உதிரிக் கத்திகள் இப்போதே கையிருப்பில் உள்ளனவா என்று கேட்டு, இரண்டு தொகுதிகளைச் சேர்த்தே வாங்குங்கள். கத்தி கிடைக்காத இன்சர்ட் உடலால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: ஓசூரில் மாடுலர் கிச்சன் வேலை செய்கிறேன். என் அண்ணன் இங்குள்ள சி.என்.சி. கடைசல் தொழிற்சாலையில் இருக்கிறார். ஒரு மூலை மட்டும் மழுங்கியதும் ஒதுக்கிவிடும் விடியா இன்சர்ட்டுகள் அங்கே நிறையக் கிடைக்கின்றன. தங்க நிறப் பூச்சோடு பளபளப்பாக இருக்கும் அவற்றை ரவுட்டர் கட்டரில் வைத்து எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டலாமா?

பதில்: வேண்டாம். ஓசூரில் இருப்பவருக்கு இந்த எண்ணம் தோன்றுவது இயல்பானதுதான். பெயரும் பொருளும் ஒன்றாக இருந்தாலும் வாய் வேறு. இரும்பைக் கடையும் இன்சர்ட்டின் வாய் உடையாமலிருக்க, அதன் விளிம்பைத் தயாரிக்கும்போதே வேண்டுமென்று சற்று மழுக்கி உருட்டிவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த தங்க நிறம் டைட்டேனியம் நைட்ரைடு பூச்சு. அது அந்த விளிம்பை மேலும் தடிப்பாக்குகிறது. இரும்பு அந்த அழுத்தத்தில் சீவப்பட்டு வெளியேறும். மரத்தின் நாரோ நசுங்கி, பிய்ந்து, சூடேறிக் கருகும். மரத்துக்கான கத்தியின் வாய், விரல் நகத்தின் மேல் லேசாக வைத்தாலே வழுக்காமல் பிடிக்கும் அளவுக்குச் சவரக்கத்திக் கூர்மையோடு இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, தனக்கென்று கடையாத இருக்கையில் ஒரு கத்தியை இறுக்கி நிமிடத்துக்கு 20,000 சுற்றில் ஓட்டக் கூடாது. விடியாவின் அடர்த்தி இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கழன்று பறந்தால் அது என்ன செய்யும் என்பதை உங்கள் அண்ணனே சொல்வார்.

உங்கள் வேலைக்கு இன்சர்ட் ரவுட்டர் கட்டர் மிகவும் பொருத்தமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எம்.டி.எஃப்., துகள் பலகை, பிளைவுட் ஆகியவற்றில் கத்தியைத் தேய்ப்பது மரத்தைவிட அதிலுள்ள பிசினே. மேலே ஒட்டிய லேமினேட் இன்னும் கடுமையானது. அது உரசும் இடத்தில் மட்டும் கத்தியின் வாயில் இழை போல மெல்லிய பள்ளம் விழும். மற்ற இடமெல்லாம் கூர்மையாகவே இருக்கும். 50 மில்லிமீட்டர் நீளக் கத்தி வைத்த நேர்க் கட்டரை வாங்கினால், பள்ளம் விழுந்ததும் உயரத்தை 3 மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ அதே வாயில் மேலும் சில பலகைகளை ஓட்டலாம். லேமினேட்டின் ஓரத்தைச் சமன்செய்ய, பலகையின் ஓரத்தை ஒட்டி உருளும் பேரிங் பொருத்திய கட்டரில் இன்சர்ட்டின் நன்மை இரட்டிப்பாகும். பற்றவைத்த கட்டரைச் சாணை பிடித்தால் விட்டம் பேரிங்கைவிடக் குறைந்து, ஓரத்தில் மெல்லிய படி ஒன்று நின்றுவிடும். பிறகு அதைக் கையால் அரத்தால் தேய்க்க வேண்டும். இன்சர்ட்டில் கத்தியும் பேரிங்கும் எப்போதும் ஒரே விட்டத்தில் இருக்கும்.

ஆனால் 6, 8 மில்லிமீட்டர் காடிகளுக்கு இன்சர்ட்டைத் தேட வேண்டாம். 12 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் திருகாணிக்கும் உடலுக்கும் போதிய கனம் கிடைப்பதில்லை. அங்கே முழுவதும் விடியாவால் ஆன முறுக்குக் கட்டரே சிறந்தது. அதுபோலவே, இன்சர்ட் கட்டரை மேலிருந்து பலகைக்குள் இறக்கி வெட்ட வேண்டுமானால், அதன் அடியிலும் வெட்டும் வாய் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பலவற்றில் அடி வாய் இருக்காது. அவை பலகையின் ஓரத்திலிருந்து நுழைவதற்கு மட்டுமே ஆனவை.

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாமரப் பலகையில் பெட்டிகளும் சிறு மேசைகளும் செய்கிறோம். மாமரத்துக்கு விடியா தேவைதானா? சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்னும் எஃகு) கத்தி போதாதா?

பதில்: பெட்டி வேலைக்கு எச்.எஸ்.எஸ். போதும். அதைப் பட்டறையிலேயே தீட்டிக்கொள்ளலாம். புதிதாகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். வாயின் மென்மையான வெட்டை மென்மரங்களில் விடியா எளிதில் எட்டாது. மேசைப் பலகையில்தான் யோசிக்க வேண்டும். மாமரத்தின் ரேகை பல இடங்களில் திசை மாறி ஓடுவதால், இழைக்கும்போது சிராய் எழும்பும். அதற்கு மருந்து கத்தியின் பொருளில் இல்லை. ஒரு முறைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காமலிருப்பதும், சாய்வாக அமைந்த கத்தியுள்ள கட்டரைத் தேர்ந்தெடுப்பதுமே உதவும். ஈரம் காயாத பலகையை விடியாவில் ஓட்டுவதாயிருந்தால் ஒரு செய்தி: பச்சை மரத்தின் சாற்றிலுள்ள அமிலங்களும் துவர்ப்புப் பொருளும், மணிகளைப் பிணைத்திருக்கும் கோபால்டை அரித்துவிடும். வேலை முடிந்ததும் கட்டரைத் துடைத்து உலரவைத்தே எடுத்து வையுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. அரூரில் தச்சு வேலை பழகிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வாங்கிய ரவுட்டர் பிட், எவ்வளவு இறுக்கினாலும் ஓடும்போது மெல்லக் கீழே இறங்கி, பலகையில் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. பிட் மோசமா, மெஷின் மோசமா?

பதில்: தம்பி, இரண்டுமே நல்லவையாக இருக்கலாம், ஒன்றுக்கொன்று ஒவ்வாதவையாக இருக்கும். ரவுட்டரோடு வந்த காலெட், அதாவது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் குழல், எந்த அளவு என்று அதன் மேலேயே பொறித்திருக்கும், பாருங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அந்தக் காலெட்டில் 6 மில்லிமீட்டர் தண்டுள்ள பிட்டை வைத்தால் இறுகியதுபோலத் தோன்றினாலும், காலெட்டின் வாய் ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கும். அரை அங்குலமான 12.7-க்கும் 12 மில்லிமீட்டருக்கும் இதே குழப்பம் உண்டு. கடையில் வாங்கும்போது 'காலா, ஆறா' என்று கேட்டு, வெர்னியரில் அளந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் இறங்கினால், தண்டு காலெட்டின் அடியில் முட்டும்வரை நுழைத்து இறுக்கியிருப்பீர்கள். முழுவதும் நுழைத்துவிட்டு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெளியே இழுத்து, அதன் பிறகு இறுக்குங்கள். காலெட்டின் உள்ளே பிசினும் தூளும் படிந்திருந்தாலும் பிடிப்பு போய்விடும். நீங்கள் பழகும் காலத்திலேயே சொல்லிவிடுகிறேன்: எந்திரம் 8 அல்லது 12 மில்லிமீட்டர் தண்டை ஏற்குமானால் இன்சர்ட் கட்டரை அந்தத் தண்டிலேயே வாங்குங்கள். கத்தியும் திருகாணியும் சேர்ந்த கனமான தலையை 6 மில்லிமீட்டர் தண்டு அதிராமல் தாங்குவது கடினம்.

கேள்வி: பென்னாகரத்தில் பட்டறை. ஸ்பிண்டில் மோல்டர் இல்லை. கதவுப் பேனலின் ஓரத்தைச் சரிவாக எடுக்க மூன்றரை அங்குல இன்சர்ட் கட்டர் ஒன்றை ரவுட்டரில் மாட்டி ஓட்டலாம் என்றிருக்கிறேன். ரவுட்டர் 22,000 சுற்று ஓடும். சரிவருமா?

பதில்: அந்த வேகத்தில் ஓட்டவே கூடாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். கட்டரின் விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால், கத்தியின் வாய் ஒரு நொடியில் கடக்கும் தூரம் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் பிட் 22,000 சுற்றில் நொடிக்கு 23 மீட்டர் செல்கிறது. உங்கள் மூன்றரை அங்குலக் கட்டர், அதாவது 89 மில்லிமீட்டர், அதே சுற்றில் நொடிக்கு 102 மீட்டர் செல்லும். மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர். சிறிய திருகாணியொன்று பிடித்திருக்கும் விடியாத் துண்டை அந்த வேகத்தில் முகத்துக்கு எதிரே சுழலவிடுவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ரவுட்டருக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் உச்ச வேகம் விட்டத்தைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டர் வரை 24,000 சுற்று, 50 வரை 18,000, 65 வரை 16,000, 90 வரை 12,000. கட்டரில் பொறித்திருக்கும் எண் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த எண்ணையே மதிக்க வேண்டும். உங்கள் எந்திரத்தில் வேகத்தைக் குறைக்கும் திருகு இருந்து, 10,000 சுற்றுக்கு இறக்க முடியுமானால், வாயின் வேகம் நொடிக்கு 47 மீட்டராகிவிடும்; அது நல்ல அளவு. அப்போதும் ரவுட்டரைக் கையில் பிடித்து ஓட்டாதீர்கள். மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, வேலி வைத்து, நான்கைந்து முறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தைக் கூட்டுங்கள். முதலில் ரேகைக்குக் குறுக்கான ஓரங்களை வெட்டிவிட்டு, பிறகு நீள ஓரங்களை வெட்டினால், மூலையில் சிராய் பிய்ந்தாலும் அடுத்த வெட்டில் அது மறைந்துவிடும்.

வேகத்தைக் குறைக்க முடியாத ரவுட்டர் என்றால் அந்தக் கட்டரை வாங்காதீர்கள். பேனலைச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டும் வகையில் 40 மில்லிமீட்டருக்குள் விட்டமுள்ள சரிவுக் கட்டர் உண்டு. உயரமான வேலி ஒன்றைச் செய்துகொண்டால் அதைக் கொண்டு வேலையை முடிக்கலாம்.

கேள்வி: ஊத்தங்கரையிலிருந்து எழுதுகிறேன். இன்சர்ட் கத்தி நீண்ட நாள் உழைக்கும் என்றார்கள். எங்களிடம் இரண்டே வாரத்தில் மூலைகள் உடைகின்றன. ஒன்று நடுவில் திருகாணித் துளையிலேயே விரிசல் விட்டது. போலிக் கத்தியோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: கத்தியைச் சந்தேகிக்கும் முன் இருக்கையைப் பாருங்கள். துளையில் விரிசல் விடுவதற்குப் பெரும்பாலும் காரணம், கத்திக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிசினோ மரத்தூளோதான். கடினமான விடியா வளையாது. அடியில் மணல் அளவு தூள் இருந்தாலும், திருகாணியை இறுக்கும்போது கத்தி அந்த மேட்டின் மீது வளைய முயன்று நடுவில் பிளந்துவிடும். கத்தியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இருக்கையைப் பித்தளைத் தூரிகையாலும் தின்னர் நனைத்த துணியாலும் துடைத்து, விரலால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த வாயை வையுங்கள். காஸ்டிக் சோடா கரைசலில் கட்டரை ஊறவைக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ஸ்பிண்டில் மோல்டரின் இன்சர்ட் உடல்கள் பல அலுமினியத்தால் ஆனவை. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இறுக்குவதற்குக் கட்டரோடு வந்த சிறிய நட்சத்திரச் சாவியையே பயன்படுத்துங்கள். அதன் கைப்பிடி குட்டையாக இருப்பதற்குக் காரணமே, மணிக்கட்டின் பலத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதுதான். குழாயைச் செருகி நீட்டி இறுக்கும் பழக்கம் திருகாணியின் மரையை இழுத்துவிடும். வெளியே தெரியாமல் நீண்டுவிட்ட திருகாணி அடுத்த முறை இறுகுவதேயில்லை. தலை தேய்ந்த திருகாணியை உடனே தூக்கி எறியுங்கள்.

மூலை உடைவது வேறு கதை. பழைய வீட்டை இடித்த மரத்தை நீங்கள் ஓட்டுகிறீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. நம் பகுதியில் பழைய நிலைக்கும் உத்தரத்துக்கும் மறுவாழ்வு கொடுக்கும் வேலை நிறைய நடக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், கோபால்ட் குறைந்த கத்தியின் மூலை போய்விடும். அத்தகைய மரத்தை முதலில் காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு, முதல் இழைப்பை எச்.எஸ்.எஸ். கத்தியில் முடித்து, உருவம் எடுக்கும் கடைசி வேலைக்கு மட்டும் இன்சர்ட்டைக் கொண்டுவாருங்கள். புது மரத்திலேயே மூலை உடைகிறதென்றால், எந்திரத் தண்டின் பேரிங் தேய்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். அதிர்வை விடியா பொறுத்துக்கொள்ளாது.

கேள்வி: தேன்கனிக்கோட்டையில் இருக்கிறேன். பெங்களூரில் பழைய கட்டர் பிளாக்குகள் இரண்டு வாங்கினேன். ஒன்றில் எம்.ஏ.என். என்றும் மற்றொன்றில் எம்.இ.சி. என்றும் பொறித்திருக்கிறது. எங்கள் மோல்டரில் கையால்தான் மரத்தைத் தள்ளுகிறோம். எதை மாட்டலாம்?

பதில்: எம்.ஏ.என். என்று பொறித்ததை மட்டும். ஈ.என். 847 என்னும் ஐரோப்பியத் தர விதியின்படி, அந்த எழுத்துகள் கையால் மரத்தைத் தள்ளும் எந்திரத்துக்கு ஏற்றது என்பதைக் குறிக்கின்றன, எம்.இ.சி. என்பது மரத்தைத் தானாகவே தள்ளும் பவர் ஃபீடர் பொருத்திய எந்திரத்துக்கு மட்டுமே உரியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கையால் தள்ளும் வகையில் உடல் ஏறத்தாழ முழு வட்டமாக இருந்து, கத்தி அதிலிருந்து மிகச் சிறிதே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பல் ஒரு கடியில் எடுக்கும் மரத்தின் கனம் 1.1 மில்லிமீட்டரைத் தாண்டாதபடி உடலே தடுக்கிறது. அதனால் மரம் திடீரென்று இழுபட்டுப் பின்னால் எகிறும் வேகம் குறைகிறது. கை தவறிப் பட்டாலும் காயம் ஆழமாகாமலிருக்க வாய்ப்பு உண்டு. மற்றதில் கத்திக்கு முன்னால் அகலமான வெற்றிடம் இருக்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு விரல் முழுவதும் போய்விடும்.

அருகில் பொறித்திருக்கும் சுற்று எண்ணையும் படியுங்கள். எம்.ஏ.என். கட்டரில் உச்சத்தோடு குறைந்த அளவும் இருக்கும். வேகம் கூடினால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். கத்தியின் வாய் நொடிக்கு 40 மீட்டருக்குக் கீழே சென்றாலும் கத்தி மரத்தை வெட்டாமல் முட்டித் தள்ளும். 70 மீட்டருக்கு மேல் போகவும் கூடாது. 125 மில்லிமீட்டர் கட்டர் 6,000 சுற்றில் 39 மீட்டர்தான் செல்கிறது என்பதால் அதை 7,000-க்கு ஏற்றுவது நல்லது. அப்போது 46 மீட்டர் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய ரம்பத் தகட்டைத் தேய்த்து உருவம் எடுத்து, இரண்டு வளையங்களுக்கு நடுவில் வெறும் அழுத்தத்தால் பிடிக்கவைத்து ஓட்டும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. ஒரு கத்தி அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் போதும், வளையம் அதைப் பிடிக்காது. ஒருவருக்கு அப்படி ஒரு கத்தி கழன்று தோளில் பாய்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முளையில் உட்காரும் இன்சர்ட் கத்தியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

கேள்வி: காவேரிப்பட்டணம். கத்தியின் வாயை எப்போது திருப்ப வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீட்டர் கணக்கு ஏதும் உண்டா?

பதில்: எல்லா மரத்துக்கும் பொருந்தும் மீட்டர் கணக்கு கிடையாது. வேம்பில் ஓட்டிய கத்தியும் பிளைவுட்டில் ஓட்டிய கத்தியும் ஒரே தூரத்தில் மழுங்குவதில்லை. உங்கள் மரத்துக்கு உங்கள் கணக்கை நீங்களே எழுதி வையுங்கள். சுவரில் ஒரு தாளை ஒட்டி, திருப்பிய தேதியையும் ஓட்டிய சட்டங்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டே வந்தால், மூன்று முறைக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்துவிடும்.

அதுவரை காதையும் கையையும் நம்பலாம். சத்தம் சீறலிலிருந்து முனகலாக மாறும். மரத்தைத் தள்ள முன்பைவிடப் பலம் தேவைப்படும். சுருளாக வந்த சீவல் மாவாக வரும். மேற்பரப்பில் பழுப்பு நிறக் கருகல் கோடு தோன்றும். ஆனால் கருகல் கோட்டைக் கண்டவுடன் கத்தியைத் திருப்பிவிடாதீர்கள். மரத்தை மிக மெதுவாகத் தள்ளினாலும் அது வரும். 18,000 சுற்றில் இரண்டு பல் கட்டரை நிமிடத்துக்கு 4 மீட்டர் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் 0.11 மில்லிமீட்டர் எடுக்கிறது. பாதி வேகத்தில் தள்ளினால் வாய் சீவுவதைவிட உரசுவதே அதிகம், உரசலில்தான் கூர்மை வீணாகிறது. முதலில் ஒரு துண்டு மரத்தைச் சற்று விரைவாகத் தள்ளிப் பாருங்கள். கோடு மறைந்தால் கத்தி நன்றாகவே இருக்கிறது. மறையாவிட்டால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு கத்தியை மட்டும் திருப்பாமல் அந்த உடலிலுள்ள எல்லாக் கத்திகளையும் ஒன்றாகத் திருப்புங்கள். பழைய வாயும் புதிய வாயும் கலந்திருந்தால் புதியதே எல்லா மரத்தையும் கடித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும். நான்கு வாய் உள்ள கத்தியில் எது முடிந்தது என்பது மறந்துவிடாமலிருக்க, திருப்பும்போதே பழைய மூலையில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.